எல்லாம் ஒரே அளவு

காலையில் மச்சான் கவுனுக்குள் மாட்டிக்கொண்டான்.

மாடிப்படி இறங்கும்போதே சத்தம் கேட்டது. "அசையாதே, கிழிஞ்சிடப் போகுது!" இது அத்தை. "மூச்சாவது விடலாமா, அதுவும் கூடாதா?" இது அவன்.

தையல் கூடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். வெளிர்நீல நோயாளிக் கவுன் தோள் வரை ஏறிவிட்டது. வயிற்றில் வந்து முரண்டு பிடித்தது. பக்கவாட்டு நாடாக்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன. தொடவில்லை.

வீட்டில் அவனுக்குப் பெயர் பீரோ. என் மனைவி தன் தம்பிக்கு வைத்த பெயர். அவள் போன பிறகும் அந்தப் பெயர் நிற்கிறது.

நான் உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமா, நீங்க பாக்கக் கூடாது!"

"பாக்கல."

"பாத்தீங்க. உங்க கண்ணு இங்க வந்துட்டுப் போச்சு."

"செருப்பைத் தேடினேன்."

அத்தை அவசரமாக ஒரு போர்வையை உதறி, மேஜையில் அடுக்கியிருந்த மற்ற கவுன்களின் மேல் போட்டார். மெஷின்களுக்குப் பின்னாலிருந்து பெண்கள் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இப்படித்தான். நான் ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பஞ்சு முதல் படுக்கை விரிப்பு வரை யாரிடம் வாங்குவது என்று பார்க்கும் வேலை. அத்தை கீழ்த்தளத்தில் தையல் கூடம் நடத்துகிறார். அந்தக் கூடம் இப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கவுன் தைக்க விண்ணப்பித்திருக்கிறது. விண்ணப்பம் வந்த அன்றே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், இவர் என் மனைவியின் அம்மா என்று.

"அப்ப இனிமே கவுன் இருக்கிற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க," என்றார் மேனேஜர்.

நான் படுப்பதே கவுனுக்கு நேர் மேலே, மாடி அறையில். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் 'கவுன்' என்ற வார்த்தைக்குத் தடை. அத்தை 'அந்தச் சமாச்சாரம்' என்கிறார். துணி, நூல், நாடா எதைப் பற்றியும் என்னிடம் பேச்சில்லை. சாப்பாட்டு மேஜையில் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதற்கு முன்பும் அதிகம் இருந்ததில்லை.

பள்ளிச் சீருடை ஆர்டர் நின்ற பிறகு கூடத்தில் பாதி மெஷின்கள் உறை போட்டு நிற்கின்றன. "இதுவும் கைக்கு வரலேன்னா மூடிடறேன்," என்று போன வாரம் அத்தை சொல்லிவிட்டார். மூடினால் வெளியூரிலிருக்கும் மூத்த மகன் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவார். பீரோ எங்காவது வேலை தேடிப் போவான். மாடியில் நான் மட்டும் இருப்பேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குள்ளும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

நான் திரும்பி நின்ற சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. தைத்ததைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கான ஆளுயரக் கண்ணாடி. அதில் பீரோ முழுதாகத் தெரிந்தான்.

கவுனின் இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறந்து கட்டும்படி இருந்தது. வலது கை சாதாரணக் கை.

அந்தக் கவுன் எனக்குத் தெரியும்.

என் மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு கூடாரம். முதுகு முழுக்கத் திறந்திருக்கும். நடந்தால் பின்னால் ஒருவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். "பாரு, ராணி மாதிரி போறேன். பின்னால துணி பிடிக்க ஆளு," என்றாள். சொல்லிவிட்டுப் படுத்தவள் அன்றைக்கு மறுபடி எழுந்திருக்கவில்லை.

அத்தை வீட்டுக்குப் போய் ஒரு கவுன் தைத்து எடுத்து வந்தார். நாடா பக்கவாட்டில். ட்ரிப் இடது கையில் இருந்ததால் இடது கை முழுக்கத் திறக்கும். மீதி எல்லாம் வலது கையாலேயே கட்டிக்கொள்ளலாம். அவளே கட்டிக்கொண்டாள். ட்ரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் வரை தனியாக நடந்தாள்.

கண்ணாடியில் தெரிந்தது அதே கவுன். அதே இடுப்பு. அதே குறுகின தோள்.

"நீ மனுஷனா, நிஜமாவே பீரோவா?" அத்தை அவனைக் கவுனிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். "நோயாளிக்குத் தைச்சதை நோயாளி போட்டுப் பாக்கணும். வேளா வேளைக்குக் கொட்டிக்கிறவன் போட்டா எப்படி ஏறும்?"

"எனக்கு மட்டும் நோயே வராதா?"

"வந்தா ரெண்டு கட்டில சேத்துப் போடச் சொல்றேன்," என்றார் ஓவர்லாக் அக்கா. இந்தக் கூடத்தில் அவரவர் மெஷின்தான் அவரவர் பெயர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடுக்கின் ஓரத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். ரொட்டியை வெட்டியது போல நேராக இருந்தது. பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் ஓரம் அப்படி இருக்காது.

ஒரு வார்த்தை போதும். 'எல்லாம் ஒரே அளவா, அத்தை?' அவ்வளவுதான். மதியத்துக்குள் இரண்டு பெரிய கவுனாவது தைத்துவிடுவார்.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, சாப்பிடலையா?"

"கேன்டீன்ல பாத்துக்கறேன் அத்தை."

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. இன்றைக்கு இன்னொரு கூடமும் கவுன் கொண்டு வருகிறது. காது கேளாத பெண்கள் சேர்ந்து நடத்துவது. அவர்கள் வீட்டு மாடியில் கொள்முதல் பிரிவு ஆள் யாரும் குடியிருக்கவில்லை.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

*

இந்த ஏற்பாடே ஒரு மழையில் தொடங்கியது.

எங்கள் ஆஸ்பத்திரி எல்லாத் துணியையும் ஒரே கம்பெனியிடம் வாங்கி வந்தது. ஒரு போன் செய்தால் லாரி வரும். போன மழைக்கு அவர்களுடைய குடோனில் தண்ணீர் புகுந்தது. லாரி வரவில்லை. நோயாளிகள் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். வார்டின் பெரிய சிஸ்டர் ஒரு விரிப்போடு எங்கள் பிரிவுக்கு வந்தார். மேனேஜர் மேஜையில் அதைப் போட்டார்.

"இதைக் கட்டிக்கிட்டு இன்னிக்கு மீட்டிங் போயிட்டு வாங்க சார்."

மேனேஜர் போகவில்லை. ஆனால் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். "சின்னச் சின்ன ஆளுங்ககிட்டயும் வாங்கணும்னா என்ன பண்ணணும், எழுதிட்டு வாங்க."

எழுதுவதற்கு முன்னால் நான் அந்தச் சின்ன ஆட்களைப் போய்ப் பார்த்தேன். சோப்பு காய்ச்சுகிறவர்கள், அட்டைப்பெட்டி செய்கிறவர்கள், துணி தைக்கிறவர்கள். எங்கள் பழைய விதிகளின்படி இவர்களில் ஒருவரும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முடியாது. மொத்த ஆர்டரையும் ஒருவரே எடுக்க வேண்டும். ஏற்கெனவே பெரிய இடத்துக்குச் சப்ளை செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்ய யாராவது முதலில் வாங்க வேண்டும். யாரும் வாங்குவதில்லை.

ஒரு சோப்புக்கார அம்மா சொன்னது மனதில் தங்கிவிட்டது. "வேண்டாம்னு சொல்றது கூடப் பரவாயில்ல தம்பி. ஏன் வேண்டாம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அடுத்த தடவை எதைத் திருத்தறது?"

அதனால் ஆர்டரை வார்டு வாரியாகப் பிரித்தோம். சிறிய கூடங்கள் சேர்ந்தும் எடுக்கலாம் என்றோம். மாதிரிகளை ஆபீஸ் மேஜையில் வைத்துப் பார்க்காமல், வார்டில் சம்மதிக்கிற நோயாளிகளுக்குப் போட்டுப் பார்ப்பது என்று வைத்தோம். குறை இருந்தால் நேரில் சொல்ல வேண்டும். திருத்திக்கொண்டு வர ஒரு வாரம் தர வேண்டும்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். "முதல் நாளே சொதப்பினா பழைய கம்பெனிக்கே போயிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது," என்றார்.

அந்த முதல் நாள் இன்றைக்கு.

*

எனக்கு வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில் மேஜை. சோப்புக்காரர்களையும் பெட்டிக்காரர்களையும் நான் பார்க்க வேண்டும். கவுன் உள்ளே. வார்டுக் கதவு திறந்திருந்தது. கதவை மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

பீரோ இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் ஓவர்லாக் அக்கா. அவருக்குப் பின்னால் அத்தை.

அத்தை வாசலில் நின்றுவிட்டார்.

அவள் கடைசியாக இருந்த அதே வார்டு. அவளுடைய கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அன்றைக்குப் பிறகு அத்தை இந்தப் படிகளை ஏறியதில்லை. நான் தினமும் இந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். ஆனால் இந்தத் தாழ்வாரத்துக்கு வராமல் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. அதில்தான் போவேன்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

பீரோ பைகளை ஒரே கைக்கு மாற்றினான். மற்ற கையால் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். "உள்ள ஃபேன் இருக்கும்மா. இங்க புழுங்குது," என்றான். அவர் உள்ளே போனார்.

முதலில் காது கேளாத பெண்களின் கவுன். தையல் நேர்த்தி. நாடாதான் குட்டை. கட்டினால் முடிச்சு நிற்கவில்லை. பெரிய சிஸ்டர் அதைப் போனில் எழுதிக் காட்டினார். அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே பதில் எழுதிக் காட்டினாள். சிஸ்டர் உரக்கப் படித்தார்: "நாடா வெட்டினது இவ. இவளுக்கு எப்பவும் சிக்கனம் ஜாஸ்தி." வார்டு சிரித்தது.

பிறகு அத்தையின் கவுன்கள்.

நான் சோப்புக்கார அம்மாவின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"சிஸ்டர்!" உள்ளே ஒரு கனத்த குரல். லாரி டிரைவர் ஒருவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். "இது எனக்கா, இல்ல என் பொண்ணுக்கா? தலையே நுழையல."

"இருங்க, வேற தரேன்."

சிறிது நேரம்.

"சிஸ்டர், இதுவும் அவளுக்குத்தான்."

சிரிப்பு வந்தது. இந்த முறை கொஞ்சம்தான். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு வலது கையில் ட்ரிப். கவுனின் வலது கை திறக்கவில்லை. அதற்கடுத்தவருக்குத் தோள் பிடித்தது. பெரிய சிஸ்டர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்ப்பது தெரிந்தது. துணி உதறும் சத்தம். மறுபடி துணி உதறும் சத்தம்.

சிஸ்டரின் பக்கத்தில் நின்ற மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இதுக்குத்தான் சொன்னேன். ஒரே கம்பெனின்னா ஒரே போன். கூடாரமோ குடையோ, எல்லாருக்கும் ஏறும்." அவர் பார்வை கதவு வழியாக என்மேல் வந்து நின்றது. "பழைய ஆளுங்களுக்கே இன்னிக்குச் சொல்லிடலாமா சிஸ்டர்?"

"ஒரு நிமிஷம் சார்." பெரிய சிஸ்டர் அத்தையிடம் திரும்பினார். கடுமையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஏம்மா, எல்லாமே ஒரே அளவா இருக்கே. யாரு அளவு இது?"

"யாரு அளவும் இல்ல சிஸ்டர்," என்றார் அத்தை. "நோயாளி அளவு."

அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. துணியைத் தொட்டுக் காட்டினார். "இடுப்புல ரெண்டு விரல் தாராளமாத்தான் விட்டிருக்கேன். தோள் இவ்வளவு இருந்தா போதும். நோயாளிக்கு இதுக்கு மேல எங்க இருக்கப் போகுது?"

 லாரி டிரைவர் கையிலிருந்த கவுனை மெதுவாக மடித்து வைத்தார்.

அப்போது பெண்கள் பக்கத்தில், ஜன்னலோரக் கட்டிலின் திரை விலகியது.

இருபது வயதுக்கு மேல் இருக்காது அந்தப் பெண்ணுக்கு. மெலிந்த உடம்பு. இடது கையில் ட்ரிப். கவுன் அவளுக்கு அளவெடுத்தது போல இருந்தது. நாடாவை வலது கையால் இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"நானே கட்டிக்கிட்டேன்," என்றாள் பொதுவாக. பிறகு ட்ரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தாள். யாரும் பின்னால் போகவில்லை. போகத் தேவை இருக்கவில்லை.

துணி மூடியிருந்த அவள் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

நான் எழுந்து நின்றிருந்தேன். எழுந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சோப்புக்கார அம்மா என் பேனாவைக் கீழே இருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

அத்தை அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கவுனைப் பார்த்தார். மறுபடி முதுகைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலைக் கையால் துழாவி உட்கார்ந்தார்.

"சிஸ்டர்," என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "நோயாளின்னா எனக்கு அந்த ஒரு உடம்புதான் தெரியும்."

பெரிய சிஸ்டருக்கு அவர் யாரைச் சொல்கிறார் என்று விளங்கிவிட்டது. என் மனைவிக்குக் கடைசி வாரங்களில் தலை வாரிவிட்டவர் இந்த சிஸ்டர்தான். அத்தையின் தோளில் கை வைத்தார். பீரோ பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் என்னைத் தாண்டி வேகமாக வெளியே போனான்.

நான் வார்டின் வாசல் வரை வந்திருந்தேன். ஒரு அடி வைத்தால் உள்ளே. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வர வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. "பர்ச்சேஸ்," என்று என்னைக் கூப்பிட்டார். ஆபீஸில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "மாதிரியில குறை இருந்தா என்ன விதி வச்சிருக்கோம்?"

"குறையை நேர்ல சொல்லணும் சார். திருத்திட்டு வர ஒரு வாரம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அந்த நாடாக்காரப் பொண்ணுங்களுக்கும்?"

"ஆமா சார்."

"பழைய கம்பெனிக்கு?"

"அவங்க கவுன் முதுகுல திறந்திருக்கு சார். அவங்களுக்கும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப ஒரு வாரம். நான் விதியை மீற மாட்டேன்." யாரோ அவரை மீறச் சொன்னது போலச் சொன்னார்.

"சார், தப்பு நம்ம மேலயும் இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர். "அளவுன்னு நாம எழுதியிருக்கறது 'ஃப்ரீ சைஸ்'னு ஒரே வார்த்தை. கூடாரம் தைக்கிறவங்களுக்கு அது போதும். இவங்களுக்கு எப்படிப் புரியும்? இன்னிக்குச் சாயங்காலம் வரை வார்டு திறந்திருக்கும். சம்மதிக்கிற நோயாளிங்களை எல்லாக் கூடமும் வந்து அளவு எடுத்துக்கட்டும். ட்ரிப் எந்தக் கையிலயும் வரும். ரெண்டு கையும் திறக்கணும்."

"என்னை முதல்ல எடுங்க," என்றார் லாரி டிரைவர். "டேப் நீளமா கொண்டு வாங்க."

ஜன்னலில் இருந்த பெண் திரும்பினாள். "சிஸ்டர், இதை இப்ப திருப்பி வாங்கிடுவீங்களா?"

"மாதிரிக்கு வந்தது, கண்ணு. கொடுத்துடணும்."

"மாட்டேன்," என்றாள். நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முதுகுல காத்து அடிக்காம நடந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

பெரிய சிஸ்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"போட்டுக்கட்டும்," என்றார் அத்தை. "அது அவ அளவுதான்."

எந்த அவளைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அத்தை ஸ்டூலிலிருந்து எழுந்து, கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, லாரி டிரைவரின் கட்டிலுக்குப் போனார்.

*

மாலை நான் பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன். அவர்கள் வேனில் முன்பே வந்துவிட்டிருந்தார்கள்.

கூடத்தில் உறை போட்டிருந்த மெஷின்களில் ஒன்று உறை நீங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நடந்தேன். சுவரில் கண்ணாடி தெரியவில்லை. கண்ணாடி மேல் காலையில் பார்த்த போர்வை தொங்கியது.

அத்தை வெட்டும் மேஜையில் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"காலையில கண்ணாடியில பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தேன் அத்தை."

"அவளோடதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சொல்லல."

"சொல்லல."

கத்தரிக்கோல் சிறிது தூரம் ஓடி நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"நல்லதாப் போச்சு," என்றார். "வீட்டுல சொல்லியிருந்தீங்கன்னா, வெட்கத்துல எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருப்பேன். அந்தப் பொண்ணு நடந்ததைப் பாத்திருக்க மாட்டேன்."

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது.

"டீ போடலாமா மாப்பிள்ளை? அதுக்கு ஏதாவது தடை இருக்கா?"

"இல்ல அத்தை. டீக்கு நாம டெண்டர் விடல."

சமையலறை கூடத்துக்கு அடுத்த அறை. பால் வைத்தேன். கதவு வழியாகப் பேச்சு வந்துகொண்டே இருந்தது.

"கையை விரிடா. பெரிய அளவுக்கு நீதான்."

"லாரி டிரைவர் அளவு எடுத்தீங்கல்ல?"

"அவரு பெரிய அளவு. நீ அதுக்கும் மேல."

"அம்மா, ஆஸ்பத்திரியில அந்த அளவுக்கு என்ன பேர் போடுவாங்க?"

"பீரோன்னே போட்டுடச் சொல்றேன்," என்றார் ஓவர்லாக் அக்கா. "'சிஸ்டர், நாலு சின்னது, நாலு நடு, ரெண்டு பீரோ.'"

ஒரு சத்தம் வந்தது. மெஷின் நின்றது. கூடத்தில் எல்லாரும் சமையலறைப் பக்கம் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. சிரித்தது நான்தான்.  பழகாத கதவைத் திறந்தது போல இருந்தது அந்தச் சத்தம்.

 மெஷின் மறுபடி ஓடியது.

அப்போதுதான் போன் அடித்தது. அத்தையின் போன், சமையலறையில் சார்ஜில் கிடந்தது. மூத்த மகன்.

"யாருன்னு பாருங்க மாப்பிள்ளை, என் கையில சாக்பீஸ்," என்றார் அத்தை.

எடுத்தேன்.

"மாப்பிள்ளையா? நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு." பின்னணியில் ரயில் நிலையத்தின் அறிவிப்பு. "மத்தியானம் தம்பி பேசினான். எல்லாம் சொதப்பிடுச்சு, அம்மா வார்டுலயே உக்காந்துட்டாங்கன்னு அழுதான். போதும் மாப்பிள்ளை. நான் கிளம்பிட்டேன், காலையில அங்க இருப்பேன். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிட்டுத்தான் திரும்புவேன். நீங்களும் அவங்களைத் தடுக்காதீங்க. சரியா?"

பீரோ போனோடு வெளியே ஓடியது அதற்குத்தான். அதன் பிறகு நடந்ததை அவன் அண்ணனுக்குச் சொல்லியிருக்க மாட்டான். நான் பதில் சொல்வதற்குள் ரயில் சத்தம் பேச்சை விழுங்கியது. தொடர்பு அறுந்தது.

கூடத்தில் அத்தை அட்டைகளை வெட்டி மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதினார். பெரியது. நடு. பீரோவுக்கு ஒரு தனி அட்டை.

"சின்ன அளவுக்கு அட்டை போடலையா அக்கா?" என்றார் ஓவர்லாக் அக்கா.

"அதுக்கு எதுக்கு அட்டை?" அத்தை புதுத் துணியை மேஜையில் நீவி விரித்தார். டேப்பை எடுக்கவில்லை. சாக்பீஸ் தோளில் தொடங்கி, நிற்காமல், இடுப்பில் வளைந்து கீழே வந்தது. "அது என் கைக்கே தெரியும். ஆர்டர் கிடைச்சா, ஒவ்வொரு தடவையும் சின்னது கொஞ்சம் இருக்கணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

கோட்டைப் பார்த்தார். இந்த முறை அது யாருடைய கோடு என்று தெரிந்தே போட்டிருந்தார். இரண்டு கைக்கும் நாடா குறித்தார்.

"போன்ல யாரு மாப்பிள்ளை?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சிறிதாக்கினேன்.

"அந்தத் துணியை வெட்டி முடிங்க அத்தை," என்றேன். "அப்புறம் சொல்றேன்."